ரசிகர் மாநாட்டுக்கு ரூம் போட்ட கதை

லாட்ஜ் தொழிலில், வந்தவனுக்கு ரூம் கொடுப்பது ஒரு வேலையே இல்லை. வருவானா மாட்டானா என்று தெரியாதவனுக்கு ரூம் வைத்திருப்பதுதான் பேஜார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே சாவிக்கொத்தோடு காலம் தள்ளும் சகபாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எந்த நடிகர்?

வாணியம்பாடிப் பெண் நஸ்ரின். காட்பாடியில் படித்தவள். ரசிகர் மாநாடு நடத்துகிறாளாம். இதுதான் முதல் தடவை. சனி, ஞாயிறுக்குக் கல்யாண மண்டபம் பேசியாச்சு, முப்பது ரூம் பிடித்து வையுங்கள் என்றாள். எந்த நடிகருக்கு என்றேன். நடிகர் இல்லையாம், ஜப்பான் கார்ட்டூனாம். அந்த வேஷத்திலேயே வருவார்களாம். எனக்குப் புரியவில்லை. அது போகட்டும், ஆள் எத்தனை என்றேன்.

"நானூறு பேரும் வரலாம், நாலாயிரம் பேரும் வரலாம் அங்கிள்."

என் கணக்கு

ஆம்பூருக்கு லெதர் வாங்க வருபவர் என்றால் ஆளுக்கு ஒரு ரூம். கல்யாணக் கூட்டம் என்றால் ரூமுக்கு எட்டுப் பேர், தரையில் பாய். ஆஸ்பத்திரி என்றால் நோயாளியோடு இரண்டு பேர், ஒரு ஸ்டவ். கார்ட்டூன் ரசிகன் எதில் சேர்த்தி? நஸ்ரின் செல்போனைக் காட்டினாள். வருகிறேன் என்று ஏகப்பட்ட பேர் பட்டனை அமுக்கியிருந்தார்கள். ரிசப்ஷனில் என்னோடு உட்காரும் பாஷா பாய் எட்டிப் பார்த்தார்.

"அமுக்கறதுக்கு இன்னாபா, விரலு இருந்தா போதும். வர்றதுக்குக் காலு வேணுமே?"

தொங்கும் சாவிகள்

ஆனாலும் வாக்குக் கொடுத்தாச்சு. சனிக்கிழமை காலை, பிடித்து வைத்த ரூமில் பாதிகூட நிரம்பவில்லை. அந்த நேரம் பார்த்துப் போளூர் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். மனைவிக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். அந்தம்மாவால் நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. தெருவில் எல்லா லாட்ஜும் ஃபுல். நானும் ரூம் இல்லை என்றேன். அவர் என் தலைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார்.

"சாவியெல்லாம் தொங்குதே சார், ஆளுங்க எங்க?"

கொம்பு வைத்த பெண்

தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நஸ்ரினுக்குப் போன் போட்டேன். மண்டபத்தில் நிற்க இடமில்லை என்றாள். அப்புறம் ரூம் ஏன் காலி? சென்னைக்காரனும் பெங்களூர்க்காரனும் காலை ரயிலில் காட்பாடி வந்து, சாயங்கால ரயிலில் திரும்புகிறார்களாம். ரூம் வேஷம் மாற்ற மட்டும்தானாம். அதற்கு ஒரே ரூமில் இருபது பேர் போதுமாம். ராத்திரி யாராவது தங்க வந்துவிட்டால்? அவளுக்கும் தெரியவில்லை. பெஞ்சில் இருந்த அந்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். அப்படி யாராவது வந்தால் மண்டபத்திலேயே படுத்துக்கொள்ளட்டும், காலி ரூமையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள் என்றாள்.

கீழ் ரூம் சாவியை எடுத்தேன். பக்கத்து ரூமிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். பச்சை முடி, நெற்றியில் இரண்டு கொம்பு, கன்னமெல்லாம் நீலம். புருஷன் தோளில் சாய்ந்து நடந்த அந்தம்மா நின்றுவிட்டார். வேலூர் லாட்ஜில் நோயாளியைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்? அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத கண்ணு. இங்க எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. உனக்கு எப்ப ஆபரேசனு?"

மண்டபமும் நிரம்பியது, சாயங்காலத்துக்குள் லாட்ஜும் நிரம்பியது. என் கணக்கில் ராத்திரி தங்க வரவேண்டிய ரசிகன் மட்டும் இரண்டிலும் இல்லை.