பதினோரு மணிச் சங்கு

நான் குமாஸ்தாவாக இருந்த நகராட்சி அலுவலகத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் இருந்த மின்சாரச் சங்கை ஊதுபவர் ஒல்லியான மனிதர். சுவிட்சைத் தொடும் முன் மாடியைப் பார்த்து இரண்டு முறை கைதட்டுவார். சங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் பறந்துவிடும்.

போர் வந்ததும் விமானத் தாக்குதலை எச்சரிக்கப் அதே மாடியில் புது சைரன் பொருத்தி, அதை ஊதும் வேலையையும் அவருக்கே கொடுத்தார்கள். ஒத்திகையன்று பதினோரு மணிக்கு அது ஏறி இறங்கி அலறியது. ஓடி ஒளியவேண்டிய பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் தறியைவிட்டு எழுந்து, கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று சங்கு ஊதுபவரிடம் கேட்டேன்.

“இத்தினி வருசமா நான் ஊதினா சோறு துன்னப் போய்க்கினு இருந்தாங்க. இன்னிக்கு அதே ஆளு ஊதிட்டு, பயப்படுன்னா எப்படிபா?”

மறுநாளும் ஒத்திகை. வழக்கம்போல் கைதட்டினார். காக்கைகள் பறந்தன. அவர் எச்சரித்து ஊரில் பயந்து ஓடியவை அவை மட்டும்தான்.