மோட்டார் ஓடும் நேரத்தில் பதிந்த கேசட்

எண்பதுகளின் நடுவில் என் அக்காவுக்கு வத்திராயிருப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. சேர வேண்டிய தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அவள் மம்சாபுரத்தில் மாமியாரோடு இருந்தாள். அத்தான் துபாயில் கொத்தனார். மாமியார் பிடி கொடுக்கவில்லை. "எம்மவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், பொறவு பாப்போம்."

அந்த ஒரு வார்த்தையை வாங்குவது அக்காவின் பாடு. அத்தானுக்கு வாசிக்க வராது. கடிதம் போட்டால் அறையில் இருக்கிற எவராவது படித்துக் காட்ட வேண்டும். கேசட் என்றால் தனியாகக் கேட்கலாம். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில் பேசிப் பதிந்து அனுப்புவது வழக்கம்; லீவில் வந்தவர் யாராவது திரும்பும்போது கொண்டுபோவார். அந்த முறை கான்சாபுரத்துக்காரர் ஒருவர் கிளம்ப இருந்தார்.

வீட்டு டேப் ரெக்கார்டருக்கு நாலு பேட்டரிக் கட்டை வேண்டும். மாமியார் புதுக் கட்டை போட்டுத் தன் கேசட்டைப் பகலிலேயே பேசி முடித்தார். பிறகு கட்டைகளைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "அவளுக்குத்தான் செவுத்துல கரண்டு இருக்குல்லா." சுவரில் தொங்கியது, கரண்டை ஆறு வோல்ட்டாக்கித் தரும் எலிமினேட்டர். ராஜபாளையத்துக் கடையொன்று தானே செய்து விற்றது.

மாமியார் கோயிலுக்குப் போகிற சாயங்காலம்தான் அக்காவுக்குத் தனிமை. தோப்புகளில் மோட்டார்கள் எல்லாம் ஓடுவதும் அப்போதுதான். குண்டு பல்பு சோர்ந்து எரியும். அக்கா பேசினாள்; ஓரிடத்தில் அழுதுவிட்டாள். முடித்ததும் போட்டுக் கேட்டாள். இரைச்சல் இருந்தது, அந்தப் பெட்டிக்கு அது எப்போதும் உள்ளது. குரல் அவள் குரல்தான். கொடுத்தனுப்பினாள்.

பதில் கேசட் வந்தபோது நான் பாலிடெக்னிக் விடுதியிலிருந்து வந்து அங்கே இருந்தேன். மூவரும் உட்கார்ந்து கேட்டோம்.

"ஏட்டி, என்ன அணில் குஞ்சு கணக்கா கீச்சுக் கீச்சுங்கே? ரூம்ல அம்புட்டுப் பேரும் சிரிச்சு உருண்டுட்டானுவ. திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுதானுவ. என்ன பேசுனேன்னுதான் வெளங்கல, ஒரே வண்டுச் சத்தம். அம்மா பேசுனது கணீர்னு இருக்கு. வேலைக்குப் போக ஒனக்கே இஷ்டமில்லன்னு சொன்னாவ. அதுவும் நல்லதுதான்."

அக்கா அப்படிச் சொன்னதே இல்லை. "அவனே சொல்லிட்டாம்லா" என்று மாமியார் எழுந்து போனார். இன்னொரு கேசட் போய்த் திரும்ப நாள் இல்லை.

எலிமினேட்டரைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைந்து வருவது. நாலு டையோடு இருந்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே திசைக்குத் திருப்பலாம். அதில் இருந்தது ஒன்று. பாதி அலை வீண். விட்டுவிட்டு வருவதை நிரவ வேண்டிய கெபாசிட்டர் சுண்டுவிரல் நகம் அளவு. அதனால்தான் இரைச்சல். வோல்டேஜை ஆறிலேயே நிறுத்திவைக்கிற ரெகுலேட்டர் இல்லவே இல்லை. சாயங்காலம் தோப்பு மோட்டார்கள் இழுத்து வோல்டேஜ் இறங்க, நாடா மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை அதே மெதுவில் போட்டுக் கேட்டதால் அக்காவுக்குச் சரியாகத் தெரிந்தது. துபாயில் நாடா உரிய வேகத்தில் ஓட, குரல் கீச்சாகிவிட்டது.

ராஜபாளையம் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "பாட்டு கேக்கதுக்கு இது போதும் தம்பி. இத வச்சு எவன் கோர்ட்டுல வாக்குமூலம் குடுக்கப் போறான்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் அத்தான் லீவில் வந்தார். அதற்குள் நான் வோல்டேஜைத் திருகிக் குறைக்கிற மாதிரி ஒரு ரெகுலேட்டர் செய்து வைத்திருந்தேன். நாடாவை அன்றைய வேகத்துக்கு இறக்கினால் அக்கா பேசியது முழுக்கக் கேட்கும். அந்தக் கேசட்டைத் தரச் சொல்லி அத்தானிடம் கேட்டேன்.

"அதா? அதுல பாட்டு பதிஞ்சிட்டேனே மாப்ளே."

அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"விடுலே. அழிஞ்சதே நல்லது. தெளிவாக் கேட்டுட்டும் அவிய வேண்டாம்னு சொல்லியிருந்தா, இந்த வீட்ல நான் எப்பிடி இருக்க?"