கவுத்து வச்ச டின்

அம்மா செத்து பதினேழாம் நாள், அம்மா வேலைக்கு நான் போனேன். நீலசந்திராவுல எங்க வீட்டுல இருந்து நடந்தா பத்து நிமிஷம், கவர்மென்ட் ஸ்கூல். அம்மா அங்க ஆயா. பெருக்கறது, பாத்ரூம் கழுவறது, பெல் அடிக்கிறது, போர்வெல் மோட்டார் போட்டு மாடி டேங்க் ரொப்பறது. பஸ் ஸ்டாப்புல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவ அப்புறம் எழுந்துக்கவே இல்ல. எந்த வேலைய எப்படி செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போகல. நான் அஞ்சாவதோட நின்னவ, வீட்டுல ஊதுவத்தி உருட்டிட்டு இருந்தேன். எச்எம் மேடம்தான், "ஆறு மாசம் பாக்கறேன், ஒழுங்கா இருந்தா கல்வி ஆபீசுக்கு எழுதறேன்"னு சேத்துக்கிட்டாங்க. அவங்க கன்னடக்காரங்க. தமிழ் நல்லாவே பேசுவாங்க, கோவம் வந்தா மட்டும் கன்னடம் வரும்.

ரெண்டு மாசத்துல கரண்ட் பில் ஏற ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல இருந்து பணம் வர்ற வரைக்கும் மேடம் கைக்காசு போட்டுத்தான் கட்டணும். கட்டலன்னா லைன்மேன் வந்து பியூஸ புடுங்கிட்டு போயிடுவான். மேடம் எல்லாரையும் நிக்க வச்சு திட்டுனாங்க. ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு டியூப்லைட் கழட்டுனாங்க. மத்தியானத்துக்கு மேலதான் ஃபேன். ஸ்விட்சு மேலல்லாம் 'அணைக்கவும்'னு சீட்டு ஒட்டுனாங்க. நான் ரூம் ரூமா போய் அணைச்சேன்.

அடுத்த பில்லும் அப்படியே வந்துச்சு.

மேடம் பில்ல கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாங்க. "உங்கம்மா இருந்தப்ப இப்படி வரலையே."

திருடின்னு நேரா சொல்லியிருந்தா கூட பரவால்ல. அன்னிக்கே முடிவு பண்ணேன், யாரு கரண்ட திங்கறாங்கன்னு கண்டுபுடிக்காம விடக்கூடாது. விட்டா என்னத்தான் துரத்துவாங்க.

காம்பவுண்டு பக்கத்துல கணேஷாவுக்கு பந்தல் போடுற பசங்க மேலதான் மொதல்ல சந்தேகம். நம்ம கம்பத்துல கொக்கி போட்டிருப்பாங்களோன்னு அண்ணாந்து பாத்து பாத்து கழுத்து புடிச்சுக்கிச்சு. ஒயரே இல்ல. அப்புறம் பியூன் அண்ணன். மேட்ச் இருந்தா ஸ்டோர் ரூம்ல ரேடியோ போட்டுட்டு உக்காந்துடுவாரு. வெளக்கமாத்தோட அந்த வாசல்லயே சுத்துனேன். "என்னம்மா, என் ரூம் மட்டும் இவ்ளோ சுத்தமா இருக்குது?"ன்னாரு. ரேடியோவ திருப்பி பாத்தா, பேட்டரி.

கடைசியில மிஸ் மாட்டுனாங்க. ஆறாவதும் ஏழாவதும் ஒரே ரூம்ல வச்சு நடத்துறவங்க. பேகுல ஒரு கரண்ட் காயில் வச்சிருந்தாங்க. இன்டர்வெல்ல ஸ்டாஃப் ரூம் கதவ சாத்திட்டு டம்ளர்ல முக்கி தண்ணி சுட வைப்பாங்க. ஜன்னல் வழியா பாத்துட்டேன். நேரா மேடம் கிட்ட போய் சொல்லிட்டேன். இப்ப நெனச்சா கூசுது, அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சு.

மேடம் எல்லார் முன்னாடியும் காயில வாங்கி பீரோவுல வச்சு பூட்டுனாங்க. மிஸ்ஸ மன்னிப்பு லெட்டர் எழுத வச்சாங்க. "தொண்டை கட்டிக்குது மேடம், ரெண்டு கிளாசுக்கு கத்தறேன்"னாங்க மிஸ். நான் கதவாண்ட பக்கெட்ட வச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன்.

அதுக்கடுத்த பில்லும் குறையல.

ஆறு மாசம் முடிய பத்து நாள்தான் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல வெந்நி வைக்கிற டின்ன தேச்சிட்டு இருந்தேன். பெரிய எண்ணெய் டின்னு. அம்மா செத்தப்ப மாமாவோட போய் ஸ்கூல்ல இருந்த அம்மா சாமானெல்லாம் எடுத்துட்டு வந்தோம். கொடை, செருப்பு, டிபன் டப்பா. பின்னாடி செவுத்தோரம் இந்த டின்னு மேல கல்லு வச்சு கவுத்து கெடந்துச்சு. "இது எதுக்கு, பழைய டின்னு, வுடு"ன்னாரு மாமா. நான் விடல. அம்மா கை பட்டது ஒண்ணு கூட அங்க இருக்கக் கூடாதுன்னு வெறி. காரியத்துக்கு வந்தவங்களுக்கெல்லாம் அதுலதான் வெந்நி வச்சோம்.

கரி போக தேச்சா, அடியில நடுவுல ஒரு குழி. சுத்தி வெள்ளையா உப்பு, செங்கல் தூள் போட்டு தேச்சாலும் போகல. ஸ்கூல் பைப்புல படியுமே, அதே உப்பு. கவுத்து கெடந்த டின்னு. அப்ப அடிப்பக்கம்தானே மேல இருந்திருக்கும்? அது மேல எங்கிருந்து தண்ணி விழுந்துச்சு?

மறுநாள் டின்ன தூக்கிட்டு போய் ஸ்கூல் பின்னாடி பாத்தேன். டேங்க் ரொம்பி வழிஞ்சா கீழ வர்ற பைப்பு அங்கதான் முடியுது. கீழ மண்ணு சேறாகி, பாசி புடிச்சு, தண்ணி சாக்கடை மோரி வரைக்கும் வாய்க்கா மாதிரி போயிருந்துச்சு.

போர்வெல் மோட்டார் பூமிக்குள்ள கெடக்குது, ஓடுதா நின்னுச்சான்னு காதுக்கு தெரியாது. பாத்ரூம்ல தண்ணி இல்லன்னு திட்டு வாங்கக்கூடாதேன்னு பயந்து, பிரேயர் பெல்லுக்கு போட்டு சாப்பாட்டு பெல்லுக்கு நிறுத்துவேன். தண்ணி வழிஞ்சு சேத்துல சத்தமில்லாம போயிருக்குது. கரண்ட தின்னது நான்தான்.

டின்ன பழைய எடத்துல கவுத்து, கல்லு வச்சேன். பிரேயர் முடிஞ்சு மோட்டார் போட்டேன். படிக்கட்டு கீழ ஸ்விட்சு பக்கத்துலயே உக்காந்துட்டேன். முக்கா மணி நேரம் கூட ஆகல. டம டம டமன்னு, ஸ்கூல் முழுக்க கேக்குற மாதிரி, டின்னு மேல தண்ணி.

ஆபீஸ் ரூம்ல இருந்து மேடம் குரல் கன்னடத்துல வந்துச்சு. "ஆயாம்மா! மோட்டார் ஆஃப் மாடு!"

என்னை யாரும் அங்க ஆயாம்மான்னு கூப்புட்டதில்ல. அது அம்மா பேரு. ஸ்விட்ச அணைச்சுட்டு அங்கயே அழுதேன். மேடம் வெளிய வந்து நின்னாங்க, மூஞ்சி என்னமோ மாதிரி இருந்துச்சு. "இந்த சத்தம் நின்னுபோச்சுன்னு எனக்கு தோணவே இல்லையேம்மா"ன்னாங்க.

வேலை போனா போகுதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். டின்ன எடுத்துட்டு போனது, மோட்டார ஓட விட்டது. மேடம் ஒண்ணும் திட்டல. "பில் வரட்டும், பாக்கலாம்"ன்னாங்க. அப்புறம் பீரோவ தொறந்து காயில என் கையில குடுத்தாங்க. "நீயே போய் குடு."

அதுதான் கஷ்டமா இருந்துச்சு. மிஸ் போர்டுல எழுதிட்டு இருந்தாங்க. காயில நீட்டுனேன். "நான்தான் மிஸ் சொன்னேன்."

"நீயா? பியூன்னு நெனச்சு நான் அந்த மனுஷன்கிட்ட பேசறதே இல்லையே!"

"தப்புதான் மிஸ்."

மிஸ் சாக்பீஸ மேஜை மேல வச்சாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க, "நீ இங்க துணிக்கு இஸ்திரி போடறேன்னு மேடம் கிட்ட சொன்னது நான்தான்."

"எங்க வீட்டுல இஸ்திரி பொட்டியே இல்ல மிஸ்."

"எனக்கு எப்படி தெரியும்? உன் துணி எப்பவும் மடிப்பா இருந்துச்சு."

அது அம்மா புடவை மிஸ், தலகாணி அடியில வச்சு படுப்பேன்னு சொல்ல வந்தேன், சொல்லல.

அடுத்த பில் பழைய மாதிரி வந்துச்சு. மேடம் அன்னிக்கே ஆபீசுக்கு எழுதுனாங்க. எனக்கு படிச்சு காட்டல. எழுதி ஒட்டுன கவர பியூன் அண்ணன்தான் எடுத்துட்டு போனாரு. வழியில தூக்கி போட்டுட்டாரோன்னு ரெண்டு வாரம் அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். போடல. வேலை என் பேருக்கு வந்துச்சு.

டின்னு இன்னும் அங்கதான் இருக்குது. டின்னு விளிம்புல ஓட்டை போட்டு பைப்போட சேத்து கம்பி போட்டு முறுக்கி வச்சிருக்கேன். இல்லன்னா என்ன மாதிரி எவளாவது வந்து தூக்கிட்டு போயிடுவா.