வலது தோளில் பலகை

வட்டு எறிவதில் பெரிய தொல்லை எறிவது அல்ல, எறிந்ததைப் போய் எடுத்து வருவது. கூட ஒரு ஆள் இருந்தால் அவர் எடுத்துத் திருப்பிப் போடுவார். எனக்கு ஆள் கிடையாது. விடிந்ததும் காலேஜ் மைதானத்துக்குப் போய் ஒரு முறை எறிவேன், அது விழுந்த இடம் வரை நடப்பேன், எடுத்துக்கொண்டு திரும்புவேன். முப்பது முறை எறிந்தால் முப்பது நடை. வாக்கிங் வரும் பெரிய மனிதர்கள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, வூட்ல சோத்துத் தட்டையும் இப்படித்தான் வீசுவியா?" என்பார்கள். "ஒரு நாள் சாப்பிட வாங்க சார், தெரியும்" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு மைதானம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

செல்போன் அப்போதுதான் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. எனக்கு வயது இருபத்தைந்து. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். சென்னையில் தேர்வு. நாற்பது மீட்டர் எறிந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு ஊரில் இருந்த ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த ஈர ஜாடிகளை நீளப் பலகையில் வரிசையாக அடுக்கித் தருவார்கள். அதை வலது தோளில் ஏற்றி, ஒரு ஜாடி சாயாமல் நடந்து, வெயிலில் காய வைக்க வேண்டும். சாயங்காலம் வரை அதுதான்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் உள்ளே ஏதோ பிடித்து இழுக்கும். கடலூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை எறியறீங்க?" என்று கேட்டார். முப்பது என்றேன். "ஆறு வாரம் எறியாதீங்க. தோளுக்கு ஓய்வு குடுங்க. நான் சொல்ற பயிற்சிய மட்டும் செய்யுங்க" என்றார்.

அந்தப் பயிற்சியை என்னைப்போல யாரும் செய்திருக்க மாட்டார்கள். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டினேன். துண்டைச் சுருட்டி முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, டியூபை வெளிப்பக்கமாக இழுப்பேன். காலையில் மூன்று சுற்று, ராத்திரி மூன்று சுற்று. ஒரு நாள் விட்டதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடவில்லை, அம்மாதான் தூக்கினாள். துணிகூட இடது கையால் துவைத்தேன். "மகாராணி, கை வலிக்குதுன்னு காலயும் நீட்டிக்காத" என்று அம்மா கரித்துக் கொட்டினாள். நான் காதில் வாங்கவில்லை.

ஆனால் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய் அதே வலது தோளில் பலகையை ஏற்றினேன். ஆறு வாரமும் ஏற்றினேன். அது வேலை அல்லவா! வேலையும் தோளுக்குச் சுமைதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று அந்தத் தெரபிஸ்ட்டும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

சென்னை மைதானத்தில் மற்ற பெண்கள் இரண்டு இரண்டு பேராக நின்று ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து இழுத்துத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தோளைத் திருப்பினேன். பக்கத்தில் இருந்த சேலத்துப் பெண், "நான் புடிக்கட்டாங்க?" என்றாள். "வேணாங்க, எனக்குப் பழக்கம்தான்" என்றேன். என்ன திமிர் பாருங்கள்.

முதல் எறிவு முப்பத்தெட்டுக்குப் பக்கம் போனது. வலி இருந்தது, ஆனால் கை சொன்னபடி கேட்டது. இரண்டாவது எறிவில் சுற்றி வந்து வட்டை விடும்போது தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று ஆயிற்று. வட்டு காலடியிலேயே விழுந்தது. கையைத் தூக்க முடியவில்லை. மூன்றாவது எறிவுக்கு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

முதலுதவிக்கு இருந்த நடுவயதுக்காரர் தோளில் ஐஸ் வைத்துக்கொண்டே, "என்ன வேலம்மா பாக்குற?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. "அப்ப நீ ஓய்வே எடுக்கலயே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து, கழுத்திலிருந்து தூளி மாதிரி துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன், வேலை இருக்கிறதா இல்லையா என்று கேட்க. ஜாடிகளை ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. மங்கலம்பேட்டைக்காரர், வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். மூன்று வருடமாக அவர் துடைத்து அடுக்கிய பலகையைத்தான் நான் தூக்கினேன். நாங்கள் பேசிய பேச்சை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

"கைக்கு என்னாச்சு?" என்றார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், தேர்வு, ஆறு வாரம், டியூப். அவர் பஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"அடிப்பாவி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ இங்க உக்காந்து தொடச்சிருப்ப, நான் தூக்கியிருப்பேனே. ஒன்னர மாசந்தான? சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. போன ரம்ஜான் நோம்புக்கு எனக்கு மயக்கமா இருக்குதுன்னு நானே காத்தோட்டமா பேக்கிங் பக்கம் ஆள் மாத்திக்கிட்டேனே, நீ பாக்கல?"

பார்த்தேன். ஒரு மாதம் வேறு ஒரு பெண் பஞ்சு பிடித்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

"நீதான் யாரயும் கிட்ட சேக்கமாட்டியே" என்றார் அக்கா. கோபம் இல்லாமல்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இடது கையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் தள்ளினார்.