நிலவுக்கு மூன்று பஞ்சாங்கம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளவத்தையில் முப்பது வருஷம் ஏ.எல். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்த நான், போன கிழமை ஒரு கணக்கில் சூரியனைத் தொலைத்துவிட்டேன். குடையைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள், மூக்குக்கண்ணாடியைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள்... சூரியனை?

காரணம் என் மனைவி வதனி. அவள் போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். திவசம் கலண்டர் திகதிக்குச் செய்வதில்லை; நிலவின் திதிக்குத்தான். அவளுடையது வளர்பிறைத் தசமி. அது எந்தக் கிழமையில் வருகிறது? அங்கேதான் வில்லங்கம்.

எங்களுடையது கலப்புத் திருமணம். ஊரும் ஒன்று, சமயமும் ஒன்று — பஞ்சாங்கம் வேறு. நகரத்தின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில், அவள் வீட்டார் வாக்கியக்காரர்: பழைய ஆட்கள் நிலவைப் பார்த்துப் பார்த்து, அதன் நடையை வாக்கியங்களாகக் கட்டிவைத்த பட்டியல். நாங்கள் திருக்கணிதம்: நிலவு இன்று எங்கே நிற்கும் என்று புதிய கணிதத்தால் போடுவது. குசினிச் சுவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். விரதம் இரண்டு நாளாக விழுந்தால் இரண்டு நாளும் மரக்கறிதான். மீன்காரர் எங்கள் படியேறுவதையே விட்டுவிட்டார்.

“பாத்து எழுதினவை போய்ச் சேந்திட்டினம். நிலவு இன்னும் ஓடுதெல்லோ?” என்பேன்.

“நீங்கள் ஒருநாளாவது நிலவைப் பாத்தனீங்களோ?” என்பாள்.

மொட்டைமாடிக்கு உடுப்பு எடுக்கப் போனால், அங்கிருந்தே கூப்பிடுவாள். நான் விடைத்தாள்களுக்குள் இருப்பேன். “வாறன், வாறன்.” போனதில்லை.

போன வருஷம் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே நாளைச் சொன்னதால் தப்பினேன். இந்த வருஷம் வாக்கியம் செவ்வாய் என்கிறது, திருக்கணிதம் புதன் என்கிறது. படித்த மனிசன் என்ன செய்ய வேண்டும்? ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். நான் கொப்பியை எடுத்தேன். பூமி, நிலவு, ஈர்ப்பு விதி... மூன்று நாள், அரைக் கொப்பி. விடை — வியாழன்.

ஏற்கெனவே இருந்த இரண்டும் போதாதென்று மூன்றாவது பஞ்சாங்கம். போதாக்குறைக்கு, வதனியின் தம்பிக்குப் போன் எடுத்து வியாழனுக்கு லீவு போடவும் சொல்லிவிட்டேன்.

பிழை பிறகுதான் பிடிபட்டது. சூரியனை வெளிச்சத்துக்கு மட்டும் வைத்திருந்தேன். அதுவும் நிலவை இழுக்கிறது, அதன் பாதையையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறது என்பதைச் சேர்க்கவில்லை. பிள்ளைகள் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன்.

ஆக, திருக்கணிதம்தான் சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு யோசனை... அன்றைக்கு அவளுக்கு வாழையிலை போட்டு, கத்தரிக்காய்ப் பால்கறியும் உழுந்து வடையும் படைப்போம். வந்து சாப்பிடுவாளாம். இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை, உங்களுக்கே தெரியும். இருந்தாலும், வந்தால்? அவள் வாக்கியத்தைப் பார்த்துத்தானே வருவாள்? செவ்வாய்க்கிழமை வந்து, இலை இல்லாத மேசையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டால்?

கொட்டாஞ்சேனைக்கு மறுபடி போன் எடுத்தேன்.

“தம்பி, லீவைச் செவ்வாய்க்கு மாத்தும். வாக்கியப்படி செய்வம்.”

“என்ன அத்தான், கட்சி மாறிட்டியளோ?”

“ஓம். உம்மட அக்கா வெண்டிட்டா.”

“அப்ப உங்கட வியாழக்கிழமை?”

வழிந்துகொண்டே சூரியன் கதையைச் சொன்னேன். “அவ்வளவு தூரத்தில கிடக்கு, அது போய் நிலவை என்னத்தை இழுக்கப்போகுதெண்டு விட்டிட்டன்.”

 

“அக்காவும் தூரத்திலதான், அத்தான்.”