குரல் கொடுக்காமல் அடித்த மருந்து

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். பருப்போடு கீரை கடைந்து ஊட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தக் கீரை, எத்தனை கரண்டி, ஊட்டிய பிறகு எப்படி இருந்தாள் என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும் என் கணவர், பரீட்சை எப்போது என்று கேட்டுச் சிரிப்பார்.

நாங்கள் குடியிருப்பது வெள்ளக்கடைப் பக்கம், ஒரு காப்பி எஸ்டேட்டுக்குக் கீழே. எஸ்டேட் வேலிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பக்கத்து வீட்டு அக்காவின் காடு. கேழ்வரகு, அவரை, ஓரத்தில் நாலு பாத்தி கீரை. அக்கா கீரை பறிக்கும் நாளெல்லாம் என் வாசற்படியில் ஒரு கட்டு இருக்கும்.

அக்காவின் கணவர் முன்பு அந்த எஸ்டேட்டில் மருந்தடித்தவர். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவார். பம்பைத் தொடும் முன் வேலியோரம் நின்று, "மருந்தடிக்கறமுங்கோ" என்று கீழே பார்த்து நீளமாகக் குரல் கொடுப்பார். அது கேட்டதும் அக்கா ஆடுகளை உள்ளே கட்டி, கீரைப் பாத்திமேல் சாக்குகளை விரிப்பார். நான் தண்ணீர்த் தொட்டியை மூடி, துணிகளை எடுத்து, ஜன்னலைச் சாத்துவேன். கீழே எல்லாரும் ஒதுங்கிய பிறகுதான் அவர் வேலையை ஆரம்பிப்பார்.

போன வருடம் எஸ்டேட்டுக்கு ட்ரோன் வந்தது. அவர் வேறு எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போனார். குரலுக்குப் பதில் எஸ்டேட்டின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே செய்தி போடுவதாக ஏற்பாடு. அக்கா வீட்டில் இருப்பது பட்டன் ஃபோன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் என் எண்ணைச் சேர்த்துக்கொண்டு, "நீங்க படிச்சவங்க. பக்கத்து ஊட்டுக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். சரிங்க என்றேன். உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குழுவில் காலை வணக்கப் படங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டாள். ஒருநாள் குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தேன். அப்படியே மறந்தும் போனேன்.

ஒரு காலையில் மேலே ரீங்காரம் கேட்டது. வெளியே ஓடுவதற்குள் ட்ரோன் வேலியோரம் ஒரு சுற்று முடித்திருந்தது. வெண்மையாய் ஏதோ கீழ்நோக்கி வந்தது. இந்த மலையில் எது பனி, எது மருந்து என்று எப்படிச் சொல்வது? ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஃபோனைப் பார்த்தேன். செய்தி முந்தின நாள் மாலையே வந்திருந்தது.

அக்கா அப்போது ஊரில் இல்லை. வாழவந்தியில் தங்கை வீட்டுக்குப் போனவர் அதற்குப் பிறகுதான் காலை பஸ்ஸில் திரும்பி, ஒன்றும் தெரியாமல் கீரை பறித்திருக்கிறார். நான் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்து நிமிர்ந்தபோது வாசற்படியில் கீரைக்கட்டு கிடந்தது. மீதிக் கட்டுகளை ஏற்காடு பஜாருக்குக் கொண்டுபோக அக்கா ரோட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

ரைட்டருக்கு ஃபோன் செய்தேன். சத்து மருந்துதான், ஒன்றும் பண்ணாது என்றார். பெயர் கேட்டேன். டப்பாவைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். காப்பிக்கு அடிக்கும் மருந்துகள் என்று இணையத்தில் தேடினேன். ஒரு பக்கம் பயப்படத் தேவையில்லை என்றது, அடுத்த பக்கம் கருவிலிருக்கும் பிள்ளைக்குக்கூட ஆபத்து என்றது. என் கட்டை மட்டும் சத்தமில்லாமல் குழியில் போட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அக்கா என்னை நம்பியதும் கெடாது, என் பிள்ளையும் பிழைக்கும். பஜாரில் அதே கீரையை வாங்கப்போகும் இன்னொருத்தியும் ஒரு நோட்டு வைத்திருப்பாளோ என்று தோன்றிய பிறகு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை.

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அக்கா கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"நேத்தே வந்துச்சா அம்மிணி?"

"வந்துச்சுங்க்கா. நான் பாக்கல. சத்தத்த அணைச்சு வெச்சுட்டேன்."

அக்கா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்கு ஊட்டிட்டயா?"

"இல்லீங்க்கா."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூடைக்குக் கை நீட்டினார். அக்கா தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். திரும்பி நடந்து, அத்தனை கட்டுகளையும் ஆடு எட்டாத குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். என் வாசலில் கிடந்ததையும் அவரே வந்து எடுத்துப்போனார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மாலையில் அவர் கணவரிடம் ட்ரோனைப் பற்றி எரிச்சலாகப் பேசினேன். அவர் சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். டேங்க் வார் பதிந்த இடத்தில் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

"அத வையாதீங்க. அது வந்தப்பறந்தான் நானு சொறியாமத் தூங்கறனுங்க. அதுக்கு வாயில்லீங்க, பாவம். உங்களுக்கு இருக்குதில்லீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது குழுவின் சத்தம் அணைக்கப்படுவதில்லை. குழந்தை விழித்தால் விழிக்கிறாள். போன வாரம் செய்தி வந்ததும் வேலிப் பக்கம் போய்க் கூப்பிட்டேன். முதல் தடவை கூச்சத்தில் குரலே எழும்பவில்லை. இரண்டாம் தடவை எழும்பியது. அக்கா சாக்குகளோடு வந்தார்.

"என்ன மருந்தாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. குழுவில் கேட்டேன். எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று ஃபோன் காட்டியது. யாரோ கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார்கள். மறுநாள் மறுபடியும் கேட்டேன்.

இன்று காலை, வெகுநாளைக்குப் பிறகு, வாசற்படியில் ஒரு கட்டுக் கீரை. சாக்குக்குக் கீழே இருந்ததுதான். மூன்று தண்ணீரில் அலசிவிட்டேன். நான்காவது தண்ணீரைப் பிடித்துக்கொண்டே, மருந்தின் பெயர் வந்திருக்கிறதா என்று குழுவைத் திறந்து பார்க்கிறேன்.