பிளக் ஒயரில் இருந்த பொட்டு

எங்கள் பழைய பெட்ரோல் கார் சிக்னலில் நின்றாலே உதறும். மேடு ஏறினால் திணறும். தருமபுரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "ஸ்பார்க் பிளக்கு தேஞ்சிருச்சு, பிளக் ஒயரும் வெடிச்சிருச்சுங்கக்கா. சேத்து மாத்தணும்" என்றார். தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்ற சந்தேகத்தோடே சரி என்றேன்.

சாயங்காலம் சாவியைக் கொடுத்து, "எல்லாம் புதுசுங்க" என்றார். கழற்றிய பழைய ஒயர்களைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சுங்கக்கா" என்று வேறுபக்கம் பார்த்தார். எனக்கு உறுத்தியது. ஆனாலும் வந்துவிட்டேன்.

மறுநாள் தூறலில் கணவரோடு வத்தல்மலை ஏறினோம். ஒரு வளைவில் இன்ஜின் உதறி அணைந்தது. பள்ளத்தை நோக்கிக் கார் பின்னால் உருண்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினேன்.

பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தோம். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு ஒயரிலும் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன.

"ஏம்மா, புது ஒயருக்கு அவரே பொட்டு வெச்சுக் குடுத்தாரா?" என்றார் கணவர்.

மெக்கானிக் சொன்ன பழுது உண்மைதான். மாற்றியதாகச் சொன்னதுதான் பொய். வேறு இடத்தில் ஒயர்களை மாற்றியதும் உதறல் நின்றது.

இப்போதெல்லாம் கார் லேசாக உதறினாலும், மைலேஜ் குறைந்தாலும் உடனே பிளக்கையும் ஒயரையும் பார்க்கச் சொல்கிறேன். கழற்றியதைக் கையில் வாங்காமல் நகர்வதில்லை. அதோடு, வண்டியை விடும் முன் ஒயர்களுக்குப் பொட்டு வைத்துவிடுகிறேன்.

போன வாரம் அதைப் பார்த்த புது மெக்கானிக், "ரொம்ப பக்திங்களாக்கா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.